'மின்னும் மரணம்' ஆறாம் பாகத்தில் ஓவியர் மாறிவிட்டாரா?

சாணித்தாள் | ஜனவரி 4, இரவு 10.12

கேப்டன் டைகரின் கௌபாய் காமிக்ஸ் தொகுப்பு முழுவதும் வாசித்தாயிற்று. ஐந்தாம் பாகம் வரை பாறை, தூசி, வியர்வை, தாடி எல்லாம் கன்னங்கரேல். ஆறாம் பாகத்தைத் திறந்தால் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி வெளுப்பு. முகத்தில் கோடு குறைந்துவிட்டது, வானம் காலி. ஆள் மாறினாரா, இல்லை உதவியாளரிடம் தள்ளிவிட்டு டைகரை உருவாக்கியவர் ஒதுங்கிக்கொண்டாரா? என் கணிப்பு இரண்டாவதுதான். பேர் வந்ததும் கை சோம்பிவிட்டது.

மைக்கூடு | ஜனவரி 4, இரவு 10.58

அதே ஆள்தான். ழான் ழிரோ. ஐந்தாம் பாகம் 'ஏஞ்சல் ஃபேஸ்' பிரெஞ்சில் ஆல்பமாக வந்தது 1975-ல். ஆறாம் பாகம் 'உடைந்த மூக்கு' 1980-ல். நீங்கள் ஒரே ஒரு தாளைப் புரட்டிய இடத்தில் அவருக்கு ஐந்து வருடம் ஓடியிருக்கிறது.

அந்த ஐந்து வருடக் கணக்கைப் பார்த்தால் சோம்பல் என்ற பேச்சே எழாது. 1974 டிசம்பரில் த்ருயே, தியோனே, ஃபர்காஸ் மூவரோடும் சேர்ந்து சொந்தப் பதிப்பகம். 1975 ஜனவரியில் அதன் பத்திரிகை 'மெத்தால் உர்லான்' முதல் இதழ். அதில் மோபியஸ் என்ற புனைபெயரில் 'ஆர்ஸாக்' கதைகள். நடுவில் இயக்குநர் ஹோதரோவ்ஸ்கி எடுக்கவிருந்த, எடுக்காமலே போன 'ட்யூன்' படத்துக்கு ஏறத்தாழ 3,000 ஸ்டோரிபோர்டு படங்கள். அங்கே பழக்கமான டான் ஓ'பேனன் எழுதிக் கொடுத்த 'தி லாங் டுமாரோ'. 1976 முதல் 1979 வரை 'ஹெர்மெட்டிக் காரேஜ்'. இடையில் சில நாள் 'ஏலியன்' படத்தின் விண்வெளி உடைகள்.

டைகர் பக்கம் வராததற்குச் சோம்பல் காரணமில்லை. கதாசிரியர் ஷார்லியேவுக்கும் இவருக்கும் டைகரை வெளியிட்ட தார்கோ பதிப்பகத்தோடு உரிமைத்தொகைத் தகராறு. டைகர் திரும்பி வந்தபோது முதலில் வந்து இறங்கியதே 'மெத்தால் உர்லான்' பக்கங்களில்தான், 1979-ல். விண்வெளிக் கதைகளுக்கு நடுவே குதிரை.

மைக்கூடு | ஜனவரி 4, இரவு 11.09

ஒரு சேர்க்கை. அந்த இடைவெளியில் கௌபாய் பக்கமே போகவில்லை என்று அர்த்தம் வந்துவிடக்கூடாது. 'ஜிம் கட்லஸ்' என்று இதே ஷார்லியேவோடு இன்னொரு கௌபாய் கதை. ஆல்பமாக 1979. டைகரோடு ஒப்பிட ஆள் குறைவு, அதனால் யாரும் பேசுவதில்லை.

நாலுபட்டை | ஜனவரி 5, காலை 7.30

மோபியஸ் 1975-ல் பிறந்தவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தவறு. அந்தப் புனைபெயர் முதலில் 1963-ல் 'ஹாரா-கிரி' என்ற நையாண்டிப் பத்திரிகையில் வந்தது. டைகர் தொடங்கிய அதே வருடம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், ஒன்று மட்டும் பத்து வருடம் தூங்கிவிட்டு எழுந்தது.

மைக்கூடு | ஜனவரி 5, காலை 8.15

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1963 மோபியஸும் 1975 மோபியஸும் கையெழுத்தில் மட்டும்தான் ஒன்று. முதலாவது கறுப்பு நகைச்சுவைத் துணுக்கு. தூங்கி எழுந்த இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டுமென்றால் 1973 தொடக்கத்தில் 'பிலோத்' வாரப் பத்திரிகையில் வந்த 'லா தேவியாசியோன்', அதாவது மாற்றுப்பாதை. ஏழே பக்கம். குடும்பத்தோடு காரில் விடுமுறைக்குப் போகிறவர் வழி மாறிவிடுகிறார். பேனா வேலை முழுக்க மோபியஸ், போட்ட கையெழுத்து மட்டும் 'ழிர்', டைகருக்குப் போடுவது. எந்தச் சட்டையை மாட்டுவது என்று அவருக்கே அப்போது தீர்மானமாகவில்லை.

சாணித்தாள் | ஜனவரி 5, காலை 9.02

சரி, ஆள் ஒன்று. பாணி ஏன் அப்படி மாறுகிறது? பெயரை மாற்றினால் கையும் மாறுமா?

மைக்கூடு | ஜனவரி 5, மதியம் 1.40

கருவி மாறுகிறது, வேலை நடக்கும் முறையும் மாறுகிறது. பெயர் அதற்கு ஒட்டிய லேபிள்.

முதலில் ழிர். 1961-ல் ழிஜேயிடம் பயிற்சி. 'ஜெர்ரி ஸ்பிரிங்' தொடரின் 'கொரோனாடோ பாதை'க்கு மை போட்டது இவர். ழிஜே பெல்ஜியக்காரர், தூரிகைக்காரர். ஒரே இழுப்பில் கோடு தடித்துப் பின் மெலியும், அதிலேயே சட்டை மடிப்பின் நிழல் வந்துவிடும். அந்தக் கை இவருக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு ஷார்லியே ஒரு கௌபாய் தொடருக்கு ழிஜேயைக் கேட்க, அவர் இந்தப் பையனைக் கைகாட்டினார். 1963 அக்டோபர் 31, 'பிலோத்' 210ஆம் இதழில் டைகரின் முதல் கதை 'ஃபோர்ட் நவாஹோ' ஆரம்பம். நாயகனுக்கு நடிகர் பெல்மோந்தோவின் மூக்கு.

வாரம் இரண்டு பக்கம், ஆல்பத்துக்கு 46 பக்கம். 23 வாரம் விடாமல் ஓடினால் ஒரு கதை. பக்கத்துக்கு நாலு பட்டை, பட்டைக்கு இரண்டு மூன்று கட்டம். வாரத்துக்கு இருபது கட்டம் என்று வையுங்கள், பாதியில் குதிரை இருக்கும். அதற்கு மேல் ஷார்லியே ஒரே நேரத்தில் பல தொடர் ஓட்டுகிறவர். திரைக்கதையை மொத்தமாகத் தரமாட்டார், தவணையில் வரும். முடிவு தெரியாமலே வரைய வேண்டும். 1965-ல் இவர் மெக்ஸிகோ கிளம்பிப் போய்விட, 'தொலைந்த குதிரைவீரன்' ஆல்பத்தின் நடுப் பக்கங்களை ழிஜே வந்து வரைந்து கொடுத்தார். குருவே மாணவனுக்கு மாற்றாள். சந்தேகமிருந்தால் அந்த ஆல்பத்தில் டைகரின் தாடையைப் பாருங்கள், நடுவில் சில பக்கத்துக்கு வேறு தாடை.

மோபியஸ் வேலை இதற்கு நேர் எதிர். திரைக்கதை கிடையாது. 'ஹெர்மெட்டிக் காரேஜ்' இதழுக்கு இரண்டு, மூன்று, நாலு பக்கம் என்று வந்தது. போன தவணையில் என்ன நடந்தது என்பதையே மதிக்காமல் அடுத்ததை ஆரம்பிப்பார். அங்கே பெரும்பாலும் பேனா. பேனாக் கோடு தடிக்காது, மெலியாது. நிழல் வேண்டுமானால் புள்ளியாலும் குட்டிக் கோட்டாலும் கட்ட வேண்டும்.

இப்போது உங்கள் ஆறாம் பாகம். தூரிகைக்குத் திரும்பிய ஆள், பேனாவில் ஐந்து வருடம் பழகிய கண்ணோடு வருகிறார். எதை வரையாமல் விடலாம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். காலி வானம் அதுதான்.

நாலுபட்டை | ஜனவரி 5, மதியம் 2.05

தூரிகை = ழிர், பேனா = மோபியஸ் என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். டைகரிலேயே பேனா பட்ட இடம் ஏராளம்.

மைக்கூடு | ஜனவரி 5, மதியம் 2.20

சூத்திரம் இல்லை, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான். 'பெரும்பாலும்' என்று போட்டிருக்கிறேனே.

சாணித்தாள் | ஜனவரி 6, இரவு 9.15

பழைய கறுப்பு-வெள்ளைப் பதிப்பையும் வண்ணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். விசித்திரம். முன்பாதி கறுப்பு-வெள்ளையில் அப்பிப்போய்க் கிடக்கிறது. பின்பாதி மொட்டையாக இருக்கிறது. வண்ணத்தில் இரண்டுமே பரவாயில்லை.

மைக்கூடு | ஜனவரி 6, இரவு 10.40

விசித்திரம் எதுவும் இல்லை, அச்சு வேலைதான். இரண்டு வேறு கோளாறு.

அப்பிப்போவது: மூலப்படம் ஆல்பத்தை விடப் பெரியது. ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு நிழல்கோட்டுக்கு நடுவே 0.5 மிமீ வெள்ளை. ஆல்பத்துக்குச் சுருங்கினால் 0.33. அதையும் பாதியாக்கிப் பாக்கெட் அளவில் போட்டால் 0.17. சாணித்தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். (உங்கள் பெயரைச் சொல்லவில்லை.) 0.17 மிமீ வெள்ளை இரண்டு பக்கமும் பரவிய மையில் காணாமல் போகும். ஆறு கோடு ஒரு கறையாகிவிடும். இன்னொரு டைகர் கதையான 'தங்கக் கல்லறை'யின் பாறைகளும் 'சவப்பெட்டிக்கு ஒரு பாட்டு' ஆல்பத்தின் இரவுக் காட்சிகளும் இதில்தான் அடிவாங்கும். அந்தக் காலத்தில் அவர் கோடு அவ்வளவு நெருக்கம்.

மொட்டையாவது: இதற்கு பிரெஞ்சு வண்ண முறை தெரிய வேண்டும். ஓவியர் தருவது கறுப்புக் கோடு மட்டும். அதை ஒளிபுகும் ஃபிலிமில் ஒரு பிரதி எடுப்பார்கள். இன்னொரு பிரதியை வண்ணம் தீட்டும் தாளில் மங்கலான நீலத்தில் அடிப்பார்கள். வண்ணக்காரர் அந்த நீலத்தின் மேல் தீட்டுவார், கேமராவுக்கு நீலக் கோடு தெரியாது. கடைசியில் கறுப்பு ஃபிலிமை மேலே பொருத்தி அச்சு. மொழிமாற்றுப் பதிப்புக்கு இது வசதி, பலூன் எழுத்து கறுப்பில் மட்டும்தான் இருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும்.

கறுப்பு-வெள்ளைப் பதிப்புக்கு அந்தக் கறுப்புத் தகடு மட்டும் போகும். 1970-களின் ழிர் நிழலையும் தானே மையில் போட்டுவிட்டார், அதனால் பக்கம் நிறைந்திருக்கும். 1980-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிழலை வண்ணத்தின் பொறுப்பில் விடுகிறார். வண்ணத்தை உருவினால் பொறுப்பானவர் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். ஒன்பதாம், பத்தாம் பாகங்களான 'கடைசிச் சீட்டு', 'பாதையின் முடிவு' இரண்டையும் கறுப்பு-வெள்ளையில் வைத்து அவரை மதிப்பிடுவது நியாயமில்லை.

நாலுபட்டை | ஜனவரி 6, இரவு 11.00

அந்த முறையில் இன்னொரு தொல்லை. தண்ணீர் பட்டால் தாள் ஊதும், ஃபிலிம் ஊதாது. அரை மிமீ நகர்ந்தாலும் முகத்தின் நிறம் கோட்டைத் தாண்டிவிடும், இல்லை கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே வெள்ளைக் கீற்று விழும். பழைய ஆல்பங்களில் தொப்பி ஓரத்தில் பார்க்கலாம்.

மைக்கூடு | ஜனவரி 6, இரவு 11.12

'ஆர்ஸாக்' அந்தப் பாதையில் வரவில்லை. மூலத்தாளிலேயே நேரடி வண்ணம். கறுப்பை மட்டும் தனியாக உருவ முடியாது. வசனமே இல்லாததால் மொழிபெயர்ப்பாளருக்கும் வேலை இல்லை. இருக்கும் ஒரே சொல் தலைப்புதான், அதையும் கதைக்குக் கதை வேறு எழுத்துக்கூட்டலில் போட்டார்: ஆர்ஸாக், ஹர்ஸாக், ஆர்ஸக், ஹர்ஸக்க். மெய்ப்புத் திருத்துபவர் அழுதிருப்பார்.

சாணித்தாள் | ஜனவரி 7, காலை 6.50

எழுத்துக்கூட்டல் பற்றிப் பேச நாம் யோக்கியமா? ஜிரௌட், கிரௌட், ஜிரோ, ழிரோ. இந்தத் தளத்திலேயே நாலு வகை.

மைக்கூடு | ஜனவரி 7, காலை 8.00

ழ-வை பிரெஞ்சு ஜ-வுக்கு இரவல் கொடுப்பது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பழக்கம். எழுத்துதான் இரவல், உச்சரிப்பு இல்லை. வாழைப்பழத்துக்கு மடக்குகிற மாதிரி நாக்கை மடக்கினால் பாரிஸில் ஒருவருக்கும் புரியாது. ஜ-வையும் ஷ-வையும் கலந்து சொல்லுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

பெயர் பேச்சு வந்ததால்: பிரெஞ்சில் அவர் லெப்டினன்ட் ப்ளூபெர்ரி. சிவகாசிக்கு வந்ததும் கேப்டன் டைகர். பதவி உயர்வு கொடுத்த ஒரே ராணுவம் நம்முடையது.

கரித்துண்டு | ஜனவரி 9, மாலை 5.25

வரைகிறவன் கேட்கிறேன். அந்தப் பாறை நிழலை எப்படிப் பழகுவது? பேனாவில் போட்டால் கம்பிவலை மாதிரி வருகிறது.

மைக்கூடு | ஜனவரி 9, இரவு 10.30

கம்பிவலை வருவதற்குக் காரணம் நிழல்கோட்டிலிருந்து தொடங்குவது. அவர் பக்கத்தைப் பார்த்தால் கறுப்புத் திட்டுதான் முதலில் நிற்கிறது, கோடு அதிலிருந்து கிளம்புகிறது. பழக இப்படிச் செய்யுங்கள்.

'தங்கக் கல்லறை' இரண்டாம் பாகத்தில் பாறை மட்டும் உள்ள ஒரு கட்டத்தை எடுத்து 150 சதவீதம் பெரிதாக்குங்கள். வழுவழுப்பான பிரிஸ்டல் அட்டை. சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் தூரிகைக் கோடு முனையில் உடைந்து போகும். பென்சிலில் விவரம் வேண்டாம், வெயிலும் நிழலும் பிரியும் எல்லையை மட்டும் போடுங்கள். 3ஆம் எண் வட்டத் தூரிகையில் இந்தியன் இங்க் தொட்டு முழு இருட்டை நிரப்புங்கள். பாறைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள்.

மை காயும் முன்பே, திட்டின் ஓரத்திலிருந்து வெயில் பக்கம் கோடு இழுங்கள். தூரிகையை மைக்கூட்டின் விளிம்பில் ஒரு தடவை வழித்துவிட்டு, தொடும்போது அழுத்தி, போகப்போகத் தூக்குங்கள். கோடு பாறையின் சரிவோடு போக வேண்டும். செங்குத்துப் பாறைக்குச் செங்குத்து, உருண்டைக்கு வளைவு. எல்லாமே 45 பாகையில் சாய்ந்தால் பாறை தட்டிபோல் நிற்கும். குறுக்குக்கோடு வேண்டுமென்றால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். வெயில் பட்ட பகுதியில் புள்ளி மட்டும், அதுவும் கடைசியில்.

கோளாறுகள். மை தூரிகையின் உலோகக் கழுத்து வரை ஏறிக் காய்ந்தால் மயிர் இரண்டாகப் பிளக்கும், பிறகு எவ்வளவு கழுவினாலும் கூராகாது. பாதி மயிர் வரைக்கும்தான் தொட வேண்டும், கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீரில் அலச வேண்டும். முடித்ததும் 67 சதவீதத்துக்குச் சுருக்கி நகல் எடுத்துப் பாருங்கள். கோடுகள் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை இடைவெளியைக் கூட்டுங்கள், கோட்டை மெலிதாக்காதீர்கள். மெலிந்த கோடு சுருக்கத்தில் உடைந்து புள்ளியாகிவிடும்.

மோபியஸ் பக்கம் பழக ஆசையென்றால் 0.2 அல்லது 0.3 தொழில்நுட்பப் பேனா. செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் ஒழுகும் அல்லது கோடு வராது. மூடி இல்லாமல் வைத்தால் குழாய்க்குள் மை உறைந்துவிடும். அங்கே கறுப்புத் திட்டைத் தேடாதீர்கள். விளிம்புக்கோட்டை ஒரே வேகத்தில் முடித்துவிட்டு, நிழல் பக்கத்தில் மட்டும் குட்டிக் கோடுகள்.

கரித்துண்டு | ஜனவரி 12, இரவு 8.10

இரண்டும் போட்டேன். பேனாதான் கடினம்.

மைக்கூடு | ஜனவரி 12, இரவு 8.31

ஆமாம். தூரிகையில் பிசகினால் இருட்டாக்கி மறைத்துவிடலாம்.

நாலுபட்டை | ஜனவரி 15, காலை 11.00

ஒரு பக்கச் சாய்வு இந்த இழையில் தெரிகிறது. 1980-க்குப் பிறகு டைகர் மட்டும்தானா? மோபியஸ் வரைந்த விண்வெளித் தொடர் 'இன்கால்' எங்கே?

மைக்கூடு | ஜனவரி 15, மதியம் 12.45

1980 டிசம்பரில் 'மெத்தால் உர்லா'னில் தொடக்கம், ஆறு ஆல்பம், 1988-ல் முடிவு. எழுத்து ஹோதரோவ்ஸ்கி. 'ட்யூன்' கவிழ்ந்ததில் மிஞ்சிய கனவுகள் பலவும் இங்கே கரைசேர்ந்தன. ஆறும் ஒரே வண்ணத்தில் இருக்காது. முதலாவதுக்கு இவ் ஷலாந், நடுவில் இசபெல் போமனே-ழோவானே, கடைசியில் ஸோரான் யான்யெதோவ். 2000-களில் கணினியில் மறுவண்ணம் பூசிய பதிப்பு வந்தது. எல்லாவற்றிலும் மினுமினுப்பு, வாசகர் கூச்சல். பின்னர் பழைய வண்ணமே திரும்பியது. வாங்குகிறவர்கள் பழைய வண்ணப் பதிப்பா என்று உள்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், அட்டையில் தெரியாது.

கோடு மறுபடி மாறுவதை இந்த ஆறில் பார்க்கலாம். முதல் ஆல்பத்தில் இன்னும் நிழல்கோடு உண்டு. ஐந்து, ஆறில் அநேகமாக இல்லை. நடுவே 1983-ல் சித்ரோயன் கார் கம்பெனிக்காக ஒரு விளம்பரக் கதை வரைந்தார். விளிம்புக்கோடும் தட்டையான வண்ணமும், நிழல் சொற்பம். அதுவே வளர்ந்து 'எடேனா உலகம்' என்ற தொடரானது. காருக்கு வரைந்த துண்டுதான் பின்னாளைய பாணியின் விதை. அமெரிக்காவில் ஸ்டான் லீயோடு செய்த 'சில்வர் சர்ஃபர்' 1988-89-ல் வந்தது, காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் பெற்றது. அதுவும் இந்தச் சிக்கனக் கோடுதான்.

நாலுபட்டை | ஜனவரி 15, மதியம் 1.10

'ஃபிஃப்த் எலிமென்ட்' படத்துக்குக் காட்சிகள் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, 'இன்கா'லைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு நடந்ததே, அதையும் சேருங்கள். தோற்றது. அதே படத்தில் இவரோடு வேலை செய்த காமிக்ஸ் ஓவியர் மெஸியேர், 1950-களில் துப்பெரே கலைப்பள்ளியில் பக்கத்து பெஞ்சுத் தோழர்.

சாணித்தாள் | ஜனவரி 18, இரவு 9.40

ஷார்லியே இறந்த பிறகு?

மைக்கூடு | ஜனவரி 18, இரவு 10.15

1989 ஜூலை. 'அரிசோனா லவ்' பாதியில் நின்றது. மீதி எழுத்தையும் ழிரோவே முடித்து 1990-ல் ஆல்பம். உங்கள் தொகுப்பின் பதினோராம் பாகம் அது. பிறகு 1995 முதல் 2005 வரை ஐந்து ஆல்பம், எழுத்தும் படமும் அவரே. டைகர் டூம்ஸ்டோனில் சூதாடுகிறார், குண்டடி பட்டுப் படுக்கையில் கிடக்கிறார், முக்கால்வாசிக் கதை நினைவோட்டம். தமிழில் 'என் பெயர் டைகர்'. ஷார்லியே இருந்திருந்தால் முப்பது பக்கத்துக்குள் ஆளை எழுப்பிக் குதிரையில் ஏற்றியிருப்பார். படம் அபாரம், கதை நகரவில்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வரலாம்.

இன்னொன்று: 'இரத்தப் படலம்' என்ற வேறொரு காமிக்ஸ் வரிசையில் 18ஆவது ஆல்பம் 'ஐரிஷ் பதிப்பு', 2007. வழக்கமான ஓவியர் வான்ஸ் இல்லை, ழிரோ. கொஞ்சம் தளர்ந்த கோடாக இருக்கிறதே என்று திட்டிய பலருக்கும் அது டைகரின் கை என்று தெரியாது. 2012 மார்ச் 10-ல் காலமானார், 73 வயது.

சாணித்தாள் | ஜனவரி 20, காலை 7.05

ஆறாம் பாகத்தை மறுபடி பார்த்தேன். காலி வானம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஏழாம் பாகம் மட்டும் உறுத்துகிறது. நடுவில் சில பக்கங்களில் முகம் கொஞ்சம் விறைப்பு.

மைக்கூடு | ஜனவரி 20, காலை 9.30

உங்கள் கண்ணுக்கு ஒரு சலாம். ஏழாம் பாகம் 'நீண்ட பயணம்', 1980. அதன் நடுப் பக்கங்களுக்கு மை போட்டுக் கொடுத்தவர் மிஷேல் ரூஜ். பிற்பாடு டைகரின் கிளைத்தொடர் 'மார்ஷல் ப்ளூபெர்ரி' மூன்றாம் ஆல்பத்தைத் தனியாகவே வரைந்தவர். முதல் பதிவில் 'அதே ஆள்தான்' என்று நான் அடித்துச் சொன்னது ஆறாம் பாகத்துக்கு மட்டும் நிற்கும். உதவியாளர் என்ற உங்கள் கணிப்பு ஒரு பாகம் தள்ளிப் பலித்திருக்கிறது.